காற்று திரும்பும் வரை: ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பிணைத்த ஒரு காத்திருப்பின் வரலாறு

1331ஆம் ஆண்டு அளவில், மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா வந்த கலம் இன்றைய சோமாலியாவின் மொகதிசு துறைக்கு வெளியே நங்கூரம் இட்டது. கரையிலிருந்து சிறு படகுகள் விரைந்து வந்தன. அவற்றில் வந்த ஊர் இளைஞர்கள் ஒவ்வொருவர் கையிலும் மூடிய உணவுத் தட்டு ஒன்று இருந்தது. கலத்தில் ஏறிய இளைஞன் ஒரு வணிகரைத் தேர்ந்து, தட்டை அவர்முன் நீட்டி, அவர் இனி தன் விருந்தாளி என்று அறிவித்தான். வணிகர் அவன் வீட்டில்தான் தங்க வேண்டும். அவர் கொண்டுவந்த சரக்கை விற்றுக்கொடுப்பதும், திரும்பக் கொண்டுபோகும் சரக்கை வாங்கித்தருவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் யாராவது விருந்தாளியை ஏமாற்றி மலிவாக வாங்கிவிட்டால், அந்த வியாபாரமே செல்லாது.

இபின் பதூதா இதை ஊர் வழக்கமாக எழுதிச் சென்றார். இந்தச் சிறு குறிப்புக்குள் ஒரு பெரிய கேள்விக்கான விடை இருக்கிறது. கடலைப் பகிர்ந்துகொள்ளும் இரு கண்டங்கள் எப்படி உறவாகின்றன? சரக்கு கைமாறுவதால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சரக்குக்கு ஒரு நாள் போதும். மொகதிசுவின் விருந்தாளிக்கோ வீடு தேவைப்பட்டது. வந்த காற்றிலேயே அவரால் திரும்ப முடியாது என்பதே அதற்குக் காரணம். காற்று திசை மாறும்வரை அவர் அங்கே வாழ்ந்தாக வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா, பாரசீக வளைகுடா, மேற்கு இந்தியா ஆகியவற்றை வளைத்துப் பிடிக்கும் மேற்கு இந்தியப் பெருங்கடலின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை இந்தக் காத்திருப்பின் வழியாகப் படிக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். காத்திருந்தவர்கள் மொழியையும் குடும்பத்தையும் ஊரையும் உண்டாக்கினார்கள். காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். திரும்பிப் போகவே முடியாதவர்களும் இருந்தார்கள். இந்த உறவின் கணக்கை அவர்களிடமிருந்துதான் சரிபார்க்க வேண்டும்.

காற்றின் கணக்கு

ஆசியாவின் பெருநிலம் குளிர்காலத்தில் குளிர்ந்து கோடையில் சூடேறுகிறது. அதனால் இக்கடலின் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை திரும்புகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழையைக் கொண்டுவரும் காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை அரேபியாவிலிருந்தும் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்காவை நோக்கிக் கலங்களைத் தள்ளுகிறது. சுவாகிலி மொழியில் அதன் பெயர் கஸ்காசி. ஏப்ரலில் காற்று மாறும். தெற்கிலிருந்து எழும் அதற்குக் குசி என்று பெயர். கலங்கள் வடக்கே திரும்புவது அதில்தான். ஜூன், ஜூலை மாதங்களில் அக்காற்று மிக மூர்க்கமாகி இந்திய மேற்குக் கரையின் துறைமுகங்களை அடைத்துவிடும். ஆகவே ஒன்று ஏப்ரல், மே மாதங்களில் கிளம்ப வேண்டும், அல்லது சீற்றம் தணிந்தபின் ஆகஸ்டுக்கு மேல் கிளம்ப வேண்டும். பருவம் என்பதைக் குறிக்கும் ‘மௌசிம்’ என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ‘மான்சூன்’ ஆனது. வாடைக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் ஏற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளும் நம் கடலோர மக்களுக்கு இந்த நாட்காட்டி புதிதல்ல.

இந்த நாட்காட்டியை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாஸ்கோ ட காமாவின் பயணமே சான்று. 1498 ஏப்ரல் 24 அன்று அவர் இன்றைய கென்யாவின் மலிந்தியிலிருந்து புறப்பட்டார். கடலறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் வந்தார். காற்றும் சரியான காற்று. ஒரு மாதத்துக்குள், மே 20 அன்று, கோழிக்கோட்டுக்கு அருகே வந்து சேர்ந்துவிட்டார். திரும்பும்போது அவர் காற்றுக்குக் காத்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கரையை விட்டவர், ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2 அன்று. ஏறத்தாழ அதே கடலைக் கடக்க மூன்று மாதம் ஆனது. ஊட்டக்குறைவு நோயில் ஈறு வீங்கி மாலுமிகள் பலர் இறந்தனர். எஞ்சியோர் மூன்று கலங்களைச் செலுத்தப் போதாமல் போனதால், ஒரு கலத்தை ஆப்பிரிக்கக் கரையில் தாங்களே எரித்துவிட்டுப் போனார்கள்.

தெற்கே போகப்போக இக்காற்றின் பிடி தளரும். இந்தியாவிலிருந்தோ அரேபியாவிலிருந்தோ ஒரு காற்றில் வந்து மறு காற்றில் திரும்பக்கூடிய தென்னெல்லை, ஏறக்குறைய இன்றைய தான்சானியாவின் கில்வாத் தீவு. அதற்கும் தெற்கே சோஃபாலாவில் சிம்பாப்வே மேட்டுநிலத்தின் தங்கம் கடலுக்கு வந்தது. அதை எடுக்க நேரே போகும் கலம் அந்த ஆண்டே திரும்ப முடியாது. ஆகவே சோஃபாலாவின் தங்கத்தைக் கில்வாவின் கலங்கள் வடக்கே கொண்டுவந்தன. வெளியூர் வணிகர் கில்வாவோடு நின்றனர். 14ஆம் நூற்றாண்டில் கில்வாவின் சுல்தான் நூறு அறைகளுக்கு மேல் கொண்ட ஹுசூனி குப்வா அரண்மனையைக் கட்டியதும், எண்கோண வடிவில் குளியல் தடாகம் அமைத்ததும், சொந்தக் காசு அடித்ததும் இந்த இடநிலையின் விளைவுகள். காற்று எங்கே ஓய்கிறதோ அங்கே ஓர் அரசு எழுந்தது.

தங்கியவர்களின் ஊர்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற வழிகாட்டி நூலைத் தமிழ் வாசகர்கள் முசிறியைப் பற்றிய குறிப்புக்காக அறிவார்கள். அதே நூல் ஆப்பிரிக்கக் கரையின் கடைசிச் சந்தையாக ரப்தா என்ற ஊரைச் சொல்கிறது. ஏமனின் மௌசா துறையிலிருந்து அங்கே வரும் அரபு மாலுமிகளும் முகவர்களும் அவ்வூர் மக்களோடு பழகி, மண உறவு கொண்டு, அவர்கள் மொழியை அறிந்தவர்கள் என்கிறது. இஸ்லாம் தோன்றுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த முறை நிலைபெற்றிருக்கிறது. வந்தவர் இங்குள்ளோர் மொழியைக் கற்றார் என்பதுதான் இதில் முக்கியம்.

இந்தப் பழைய குறிப்புக்கு அண்மையில் ஒரு புதிய சான்று கிடைத்தது. சுவாகிலிக் கரையின் பழைய ஊர்களில் கி.பி. 1250க்கும் 1800க்கும் இடையே புதைக்கப்பட்ட சுமார் 80 பேரின் எலும்புகளிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2023இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியானது. அவர்களுள் பலரின் மரபில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தது. அது பெரும்பாலும் தாய்வழி. மற்றொரு பெரும் பங்கு ஆசியாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பாரசீகத் தந்தைவழி, சிறுபகுதி இந்தியா சார்ந்தது. இக்கலப்பு கி.பி. 1000 அளவிலேயே தொடங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

கில்வாவின் பழைய வரலாற்றேடு ஷிராஸ் நகரத்து இளவரசர் ஒருவர் துணி கொடுத்துத் தீவை வாங்கியதாகக் கதை சொல்கிறது. காலனிய ஆட்சிக்கால அறிஞர் பலர் இதைப் பிடித்துக்கொண்டு, கரையின் கல்வீடுகளும் பள்ளிவாசல்களும் ஆப்பிரிக்கர் ஆக்கமே அல்ல, வந்தேறிகள் கட்டியவை என்றார்கள். அதற்கு எதிர்வினையாக, பாரசீக மூதாதையர் கதை வெறும் பெருமைப்பேச்சு என்று பிற்காலத்தவர் ஒதுக்கினார்கள். மரபணு ஆய்வு இரு தரப்பையும் திருத்துகிறது. தந்தையர் வந்தது உண்மை. தாயர் நாட்டில் அவர்கள் தங்கியதும், பிள்ளைகள் தாய்மொழி பேசியதும் அதே அளவு உண்மை. பவளக்கல்லில் கட்டிய அந்த ஊர்கள் ஆப்பிரிக்க ஊர்கள்தான். கடலுக்கு முகம் காட்டிக் கட்டப்பட்டவை என்பதே அவற்றின் தனித்தன்மை.

மொழி இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. ‘சுவாகிலி’ என்ற பெயரே கரைகள் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் சொற்களில் அரபு மிகுதி. இலக்கணமோ ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் பெயர்ச்சொல் முன்னொட்டால் பன்மை ஆகும். நாற்காலிக்கு ‘கிட்டி’, நாற்காலிகளுக்கு ‘விட்டி’. அரபு மொழியின் ‘கிதாப்’ சுவாகிலிக்குள் ‘கிட்டாபு’வாக நுழைந்தபோது, அதன் முதலெழுத்தை மக்கள் தங்கள் முன்னொட்டாகவே கேட்டார்கள். ஆகவே புத்தகங்களுக்கு ‘விட்டாபு’ என்றார்கள். அரபுப் பன்மை ‘குதுப்’ கரையிலேயே நின்றுவிட்டது. நூலைக் கொண்டுவந்தவர் அயலார், அதை எண்ணும் முறை வீட்டாருடையது. இந்தியாவிலிருந்தும் சொற்கள் போயின. வண்டிக்கு ‘காரி’, காப்பீட்டுக்கு ‘பீமா’, ரொட்டிக்கு ‘சப்பாத்தி’, நூறாயிரத்துக்கு ‘லாகி’. பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல் சுவாகிலியில் ‘சஃபாரி’ ஆகி, அங்கிருந்து உலக மொழிகள் பலவற்றுக்கும் போனது.

எதிர்க்கரையிலும் இதன் தடங்கள் உண்டு. மரம் அரிதான பாரசீக வளைகுடாவின் பழைய வீடுகளுக்குக் கூரை தாங்கியவை கென்யாவின் லாமு, தான்சானியாவின் ருஃபிஜி ஆகிய முகத்துவாரங்களில் வெட்டிய கண்டல் மரக் கழிகள். கழியின் நீளம் எவ்வளவோ அவ்வளவே அறையின் அகலம். ஆஸ்திரேலிய மாலுமியும் எழுத்தாளருமான ஆலன் வில்லியர்ஸ் 1938-39இல் குவைத் நகுதா (கலத்தலைவர்) ஒருவரின் கலத்தில் பயணம் செய்து, இந்தக் கழி ஏற்றும் வேலையை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்பு குவைத் வீடுகளின் அறை அளவைத் தீர்மானித்தது ஓர் ஆப்பிரிக்க ஆற்று முகத்துவாரம்.

திரும்பும் காற்று இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால் இது இனிய கதையாகிவிடும், பொய்யும் ஆகிவிடும். விருந்தாளியைக் கொண்டுவந்த அதே கலங்கள் திரும்பும்போது மனிதர்களை விற்பனைச் சரக்காக ஏற்றிச் சென்றன. வணிகருக்குக் காத்திருப்பு சில மாதம். அடிமையாக்கப்பட்டவருக்குக் காற்று ஒரு திசையில் மட்டுமே வீசியது.

எத்தியோப்பியாவில் 1548 அளவில் பிறந்த சாப்பு என்ற சிறுவன் பலமுறை விற்கப்பட்டு, கைமாறி, தக்காணத்துக்கு வந்து சேர்ந்தான். மாலிக் அம்பர் என்ற பெயரில் அகமதுநகர் அரசைத் தாங்கிப் பிடித்து, 1626இல் இறக்கும்வரை முகலாயப் படைகளைத் தடுத்து நிறுத்தினார். அவர் அமைத்த கட்கி நகரம்தான் பின்னாளில் அவுரங்காபாத் ஆனது. அம்பரின் வெட்டிய தலையை நோக்கித் தான் அம்பு எய்வதுபோல் ஓர் ஓவியத்தை வரையச்செய்து ஆறுதல் தேடினார் பேரரசர் ஜஹாங்கீர். போர்க்களத்தில் அந்தத் தலை அவருக்குக் கிடைக்கவேயில்லை. கொங்கணக் கரையின் ஜஞ்சிராக் கோட்டையை ஆண்ட சித்திகளும், அகமதாபாத்தில் 1573இல் கல்லில் மரமும் கொடியும் பின்னிய சாளரங்களோடு பள்ளிவாசல் எழுப்பிய சித்தி சையதும் ஆப்பிரிக்க மரபினரே.

இவர்களைச் சொல்லி, இந்தியப் பெருங்கடலின் அடிமைமுறை அத்தனை கொடியதல்ல, அங்கே அடிமையும் அரசாளலாம் என்று முடிப்போர் உண்டு. அது தவறான கணக்கு. ஒரு மாலிக் அம்பருக்குப் பின்னால் பெயர் பதிவாகாத பல்லாயிரம் பேர் வீட்டு வேலையிலும் முத்துக்குளிப்பிலும் பேரீச்சந் தோட்டங்களிலும் தேய்ந்தார்கள். பெண்கள் பலர் எசமானர்களின் காமக்கிழத்தியராக ஆக்கப்பட்டார்கள். பெரிப்ளூஸ் சொல்லும் மண உறவையும் இதையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது.

ஆனால் அவர்களும் எதையோ காப்பாற்றி வைத்தார்கள். குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் குன்றின்மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. அகீக் என்னும் கல்மணித் தொழிலோடு நெடுங்காலத் தொடர்புடைய இடம் அது. அங்கே கூடும் சித்தி மக்கள் முரசொலியோடு ஆடும் ஆட்டத்துக்கு ‘கோமா’ என்று பெயர். சுவாகிலியில் முரசுக்கும் ஆட்டத்துக்கும் ‘ங்கோமா’ என்ற ஒரே சொல். தலைமுறைகள் கடந்தபின் அவர்கள் வீட்டில் பேசுவது குஜராத்தி. முரசுக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்தது.

கடன் என்னும் நங்கூரம்

கலாசார உறவு அரசியல் உறவாக மாறிய இடம் இன்றைய தான்சானியாவின் சான்சிபார் தீவு. அதற்கு முன்பு, போர்த்துகீசியர் 1505இல் கில்வாவைச் சூறையாடினார்கள். 1593இல் மொம்பாசாவில் இயேசு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். பீரங்கி அவர்களிடம் இருந்தது, ஆனால் கரையோடு கலந்து வாழவில்லை. 1650இல் மஸ்கட்டிலிருந்து அவர்களை விரட்டிய ஓமானியர், ஏறத்தாழ மூன்றாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் மொம்பாசாவையும் பிடித்தார்கள்.

ஓமானின் சையது சயீத் பின் சுல்தான் 1840 அளவில் தன் இருக்கையைச் சான்சிபாருக்கே மாற்றிக்கொண்டார். ஆசிய அரசர் ஒருவர் ஆப்பிரிக்கத் தீவொன்றைத் தலைநகராக்கியது உலக வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி. இந்தோனேசியத் தீவுகளில் பிறந்த கிராம்பு, பிரெஞ்சுக்காரர் கைவசமிருந்த தீவுகள் வழியாகச் சான்சிபார் வந்து, அவர் ஆட்சியில் பெருந்தோட்டப் பயிரானது. அமெரிக்காவோடு 1833இலும் பிரிட்டனோடு 1839இலும் ஒப்பந்தம் செய்தார். அவருடைய ‘சுல்தானா’ என்ற கப்பல் 1840இல் நியூயார்க் துறைமுகம் வரை போய்வந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சான்சிபாரின் சுங்க வசூலை அரசு தானே செய்யவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் குத்தகைக்கு விட்டது. கட்ச் பகுதியின் பாட்டியா வணிகர் ஜெய்ராம் சிவ்ஜியின் குடும்ப நிறுவனம் நெடுங்காலம் அக்குத்தகையை வைத்திருந்தது. சுல்தானுக்கு முன்பணம் தேவைப்பட்டால் அந்த நிறுவனம் கொடுக்கும். உள்நாட்டுக்குத் தந்தம் தேடிப்போகும் வணிகக் கூட்டங்களுக்கும் இந்தியர் கடன் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்தும் கட்ச்சிலிருந்தும் துணி, மணி, அரிசி வந்தன. யானைத் தந்தம் எதிர்த்திசையில் போய் இந்திய மணப்பெண்களின் வளையலானது. தோட்ட முதலாளிகள் கிராம்புத் தோட்டங்களை இந்தியரிடம் ஈடு வைத்தார்கள். அரியணை ஓமானியருடையது, பணப்பெட்டி கட்ச் வணிகருடையது, தோட்டத்தில் உழைத்தது ஆப்பிரிக்கர் உடல். சந்தைக்கு வந்த அடிமை ஒவ்வொருவருக்கும் சுங்கம் உண்டு. ஆகவே குத்தகைக்காரரின் கணக்கேட்டிலும் அந்தக் கொடுமைக்கு ஒரு பத்தி இருந்தது. இந்தியாவின் வெளிநாட்டு வணிகப் பெருமையைப் பேசும்போது இதையும் நாம் சேர்த்துப் பேச வேண்டும்.

1856இல் சையது சயீத் மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்குத் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார். மகன்களுக்குள் பூசல் எழுந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் இந்தியாவின் பிரிட்டிஷ் தலைமை ஆளுநர் கேனிங். 1861இல் அவர் அளித்த தீர்ப்பு ஓமானையும் சான்சிபாரையும் இரண்டாகப் பிரித்தது. வளமான சான்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளி நாணயங்களை மஸ்கட்டுக்குத் தர வேண்டும் என்றது. ஆப்பிரிக்கத் தீவொன்றும் அரபு நாடொன்றும் பிரியவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வணிகர் கட்டிய பாலத்தின்மேல் பேரரசு நடந்து வந்தது. சான்சிபாரின் இந்தியரைத் தன் குடிமக்கள் என்று பிரிட்டன் உரிமை கொண்டாடியது. அவர்கள் வழக்குகளை விசாரிக்கும் பெயரில் பிரிட்டிஷ் தூதர் சுல்தானின் அதிகாரத்துக்குள் மெல்ல இடம் பிடித்தார்.

காத்திருக்கத் தேவையில்லாத காலம்

1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல் காற்றைக் கேட்கவில்லை. ஏடன், பம்பாய், சான்சிபார் இடையே கால அட்டவணைப்படி கப்பல்கள் ஓடத் தொடங்கின. வணிகர் சரக்கை இறக்கி, கணக்கு முடித்து, அதே கப்பலில் திரும்பலாம். மூடிய தட்டோடு யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லை.

இந்த வேகத்தோடு சில நன்மைகளும் வந்தன, மறுக்க முடியாது. 1873இல் பிரிட்டனின் அழுத்தத்தால் சுல்தான் பர்கஷ் சான்சிபாரின் அடிமைச் சந்தையை மூடினார். அவ்விடத்தில் இன்று ஆங்கிலிக்கன் பேராலயம் நிற்கிறது. அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு நீங்க 1897 வரை ஆனது. இடையே 1890இல் சான்சிபார் பிரிட்டனின் பாதுகாப்பு நாடாகிவிட்டது. 1896 ஆகஸ்டு 27 அன்று, தங்களுக்கு விருப்பமில்லாதவர் அரியணை ஏறியதற்காகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அரண்மனையைச் சுட்டன. சுமார் 40 நிமிடத்தில் போர் முடிந்தது.

ஆட்சி லண்டனுடையது, கருவிகள் பம்பாயிலிருந்து வந்தன. இந்திய தண்டனைச் சட்டம் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றங்களில் செல்லுபடியானது. கென்யாவில் 1920 வரை இந்திய ரூபாய்தான் புழங்கியது. ஜெர்மானியர் ஆண்ட பகுதியிலும் நாணயத்தின் பெயர் ‘ரூப்பி’. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 1896க்கும் 1901க்கும் இடையே இருப்புப்பாதை இட, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தனர்.

இரு கண்டங்களுக்கு இடையே இத்தனை பேர் இதற்கு முன் ஒருபோதும் போய்வந்ததில்லை. ஆனாலும் போனவருக்கும் அங்கிருந்தவருக்கும் நடுவே இடைவெளி வளர்ந்தது. காலனிய அரசு மனிதரை ஐரோப்பியர், அரபியர், இந்தியர், ஆப்பிரிக்கர் என்று தனித்தனிப் பத்திகளில் எழுதியது. 1926இல் சான்சிபாரில் அமைந்த சட்டமன்றத்தில் நியமன இடங்கள் இனவாரியாகப் பகிரப்பட்டன. முதல் ஆப்பிரிக்க உறுப்பினர் உள்ளே நுழைய 1940-களின் நடுப்பகுதி வரை ஆனது. தாய் ஆப்பிரிக்கரும் தந்தை பாரசீகரும் கடன் கொடுத்தவர் இந்தியருமாக வாழ்ந்த ஒரு கரையில், நீ யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெட்டியில் குறியிடச் சொன்னது அரசு.

அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காத குரல் ஒன்றும் அதே காலத்தில் எழுந்தது. அடிமைப்பட்ட பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, ஊரில் மண்பானை விற்ற சிட்டி பின்டி சாத், அரசவையில் அரபு மொழியில் பாடப்பட்டுவந்த தாராப் இசையைச் சுவாகிலிக்குக் கொண்டுவந்தார். 1928இல் பம்பாய்க்குக் கப்பலேறி, எச்.எம்.வி. நிறுவனத்துக்காகப் பாடி இசைத்தட்டுகள் பதிவு செய்தார். எகிப்திய, இந்திய இசைகளின் சாயல் ஏறிய ஆப்பிரிக்கப் பாட்டு கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் ஒலித்தது. ஒரு தலைமுறைக்கு முன் விலை பேசப்பட்டவர்களின் மகள், இம்முறை தன் குரலோடு கடலைக் கடந்து தன் விருப்பப்படி திரும்பினார்.

1964

1963 டிசம்பர் 10 அன்று சான்சிபார் விடுதலை பெற்றது. சுல்தான் தலைமையிலான அரசு ஒரு மாதம்தான் நீடித்தது. 1964 ஜனவரி 12 அன்று புரட்சி வெடித்தது. அரபியர் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். இந்தியர் கடைகள் சூறையாடப்பட்டன, அவர்களிலும் உயிரிழந்தோர் உண்டு. இளம் சுல்தான் ஜம்ஷித் படகில் தப்பி, கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 26 அன்று சான்சிபார் பெருநிலத்து நாடான தங்கனீக்காவோடு இணைந்தது. எட்டாண்டுக்குப்பின் உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்து வெளியேற்றினார்.

ஆயிரம் ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பின்பும் இது எப்படி நடந்தது? காலனியப் பதிவேடு மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நிலமும் கடனும் யார் கையில், மண்வெட்டி யார் கையில் என்ற கேள்வி அதற்கு முன்பே இருந்தது. விருந்தோம்பலின் சமத்துவம் கல்வீட்டுக்குள் நின்றது, தோட்டத்துக் குடிசை வரை போகவில்லை. பதிவேடு செய்தது இன்னொன்று. வர்க்கத்தின் பிளவுக்கு இனத்தின் பெயரைச் சூட்டிக் கொடுத்தது. அதன்பிறகு, ஏழை அரபியரும் பாட்டி வழியில் ஆப்பிரிக்கரான இந்தியரும் அந்தப் பெயருக்காகவே அடிபட்டார்கள்.

1948இல் சான்சிபாரில் பிறந்து, புரட்சிக்குப் பின் இளவயதில் இங்கிலாந்துக்கு அகதியாகப் போன அப்துல்ரசாக் குர்னா 2021இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய ‘பை தி ஸீ’ நாவலில் பருவக்காற்றோடு வளைகுடாவிலிருந்து வரும் வணிகர் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு விருந்தாளி ஆகிறார். அவருக்காக அந்த வீடு ஈடாகிறது, பிறகு கைவிட்டுப் போகிறது. நட்பும் நறுமணப் பொருளும் கடனும் துரோகமும் ஒரே கலத்தில் வந்தவை என்பதை இத்தனை நுட்பமாகச் சொன்ன வரலாற்று நூல் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

எஞ்சியது

1970இல் ஓமானில் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ், சான்சிபாரிலிருந்து சிதறிய ஓமானியரைத் திரும்பி வர அழைத்தார். இன்றும் மஸ்கட்டின் பல வீடுகளில் சுவாகிலி ஒலிக்கிறது. ஆப்பிரிக்கக் கரையின் மொழி அரேபியாவில் தாய்மொழியாக வாழ்கிறது. சுல்தான் ஜம்ஷித்துக்கு ஓமான் திரும்ப 2020இல்தான் அனுமதி கிடைத்தது. அப்போது அவருக்கு 90 வயது கடந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பர்கஷ் 1883இல் எழுப்பிய ‘அற்புத மாளிகை’யின் ஒரு பகுதி சான்சிபாரில் இடிந்து விழுந்தது.

இக்கரைகளின் நாடுகள் 1997இல் இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தை அமைத்தன. மொரீசியஸில் அதன் செயலகம் இயங்குகிறது. வணிகம், கடற்பாதுகாப்பு, மீன்வளம் என்று அதன் நிகழ்ச்சிநிரல் நீள்கிறது. இவை வேண்டியவைதாம். ஆனால் பெட்டகக் கப்பல் துறைமுகத்தில் ஒரு நாள், இரு நாள் நிற்கிறது. அதன் மாலுமிகள் பலர் கரையில் கால் வைப்பதேயில்லை. கடலைப் பகிரும் கண்டங்களின் நெருக்கத்தைச் சரக்கின் எடையால் மட்டும் அளந்தால், இவ்வரலாறு கற்பித்த முதல் பாடத்தைத் தவறவிடுவோம். ஒருவர் மற்றவர் ஊரில் எத்தனை நாள் தங்க முடிகிறது, யார் வீட்டில், எந்த மொழியில், எவ்வளவு சமமாகத் தங்க முடிகிறது என்பதையும் அளக்க வேண்டும். தங்கல் குறித்த இரண்டாவது பாடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போக உரிமை உள்ளவரின் தங்கல் மட்டுமே உறவு.

தமிழகத்தின் பழைய கடல்வழி பெரிதும் கிழக்கு நோக்கியது. இந்தக் கதையின் இந்தியக் கரை கட்ச், குஜராத், கொங்கணம். ஆனால் 2023இல் சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தைத் திறந்த இடம் சான்சிபார். இந்திய மாணவரும் ஆப்பிரிக்க மாணவரும் அங்கே ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். படிப்பு முடியும்வரை தங்கல், பிறகு விரும்பினால் திரும்பல். இக்கடலின் பழைய உறவுகளில் சிறந்தவற்றுக்கு இருந்த அமைப்பு இதுதான்.

அங்கே போகும் மாணவி ஒருத்தி ஊருக்குள் அறை தேடினால், வாடகையை வீட்டுக்காரர் ‘லாகி’க் கணக்கில் சொல்லக்கூடும். நூறாயிரம் ஷில்லிங்குக்கு அங்கே அதுதான் பெயர். லட்சம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிடும். அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கணக்குப்பிள்ளைகளின் கடைகள் பல 1964இல் போய்விட்டன. அந்தக் கணக்கேடுகளில் பதிவான கடன்களும் ஈடுகளும் விற்கப்பட்ட மனிதர்களும் போய்விட்டார்கள். சொல் தங்கிவிட்டது. அந்தச் சொல் எந்தக் கணக்கிலெல்லாம் எழுதப்பட்டிருந்தது என்பதையும் அவள் அந்த ஊரில் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு அவளுக்கு நேரம் இருக்கிறது.